சிரிக்கிற கொக்கி

போன வாரம் என் யார்டில் ஒரு பெண் அந்தரத்தில் தொங்கினாள். கீழே இருந்த எனக்குக் குலை நடுங்கியது.  

எனக்கா பயம்? வாராவாரம் இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்கு என்னைத் தெரியும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். துறைமுகத்தில் கயிறு இழுக்கும் கலாசியாக நுழைந்து, இன்று திருவொற்றியூர் தாண்டிச் சொந்த யார்டு போட்டு, கிரேன், சங்கிலி, கப்பி, கொக்கி என்று பளு தூக்கும் சாமான் அத்தனையும் வாடகைக்கு விடுகிறவன். கப்பல் இன்ஜினையே அலுங்காமல் இறக்கியவன். சூட் கோட் போட்டவர்கள் என் முன்னால் நின்றுகொண்டுதான் பேசுவார்கள். அப்படிப்பட்டவனை ஒரு துண்டு தெர்மாகோல் பயமுறுத்திவிட்டது.

ராயபுரத்தில் நான்சி என்று ஒரு பெண். காமிக்ஸ் வரைகிறவள். ‘கிரேன்கன்னி’ என்று ஒரு தொடர். எண்ணூர் முகத்துவாரத்தில் அனல்மின் நிலையம் கொட்டும் சாம்பலிலிருந்து எழுந்து வருகிறாள் ஒருத்தி. இடது கை இருக்க வேண்டிய இடத்தில் கொக்கி. கடலில் மூழ்கியதை எல்லாம் வெளியே தூக்குவாள் — படகு, கன்டெய்னர், செத்துப்போனவர்கள் சொல்லாமல் விட்ட பேச்சு… ஆமாம், பேச்சைக்கூட. வானம் எப்போதும் மஞ்சள். ஒரு மனுஷனுக்கும் மூக்கு கிடையாது.

“மூக்கு எங்கம்மா?” என்று கேட்டேன்.

“நம்ம ஏரியால மூக்க வெச்சிக்கினு எப்பிடி அங்கிள் பொழைக்கிறது?” என்றாள்.

அந்த ஒரு பதிலுக்காகவே யார்டைப் படம் எடுக்கக் கொடுத்தேன். வரைந்தவளே டைரக்டர். புத்தகத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே திரையிலும் இருக்க வேண்டும், அதையும் கம்ப்யூட்டரில் செய்யாமல் கையால் செய்ய வேண்டும் என்று பிடிவாதம். கிரேனுக்கு மஞ்சள் பெயின்ட், சங்கிலிக்கு மஞ்சள், சுவருக்கு மஞ்சள். ஒவ்வொரு சாமானின் ஓரத்திலும் பட்டையாகக் கறுப்புக் கோடு. தரையில் கிரேனின் நிழலைக்கூடப் பெயின்டால் வரைந்தார்கள். நிஜ நிழல் விழுந்தால் கெட்டது. அதனால் மேகம் வந்தால்தான் ஷூட்டிங். வெயில் அடித்ததும் கேமராவை மூடுகிற சினிமாக்காரர்களை எங்காவது பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன்.

“எத வேணா எடுத்துக்கோ, எதுக்கு வேணா பெயின்ட் அடிச்சுக்கோ” என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு பம்பாய் பார்ட்டி ஒருவரைப் பார்க்கப் போய்விட்டேன்.

இங்கே எங்கள் யார்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். விரிசல் விட்ட சங்கிலி, வாய் அகண்ட கொக்கி — இனி ஆகாது என்று கண்டம் பண்ணிய எதுவானாலும் அதன் மேல் சிவப்பு பெயின்டை ஒரு இழுப்பு இழுத்துவிடுவோம். படிக்கத் தெரியாத கலாசிக்கும் சிவப்பு தெரியும். சிவப்பைத் தொடமாட்டான். நான் அவற்றை எடைக்குப் போடுவதில்லை. ஒவ்வொன்றும் ஒரு கப்பலை நிமிர்த்தியது, ஒரு பாய்லரைத் தூக்கியது. பின்சுவரில் ஆணி அடித்து வரிசையாக மாட்டி வைத்திருந்தேன். வருகிறவர்களிடம் காட்டிக் கதை சொல்ல வேண்டாமா?

நான் திரும்பி வந்த பிறகு, செவ்வாய்க்கிழமை மத்தியானம் மேகம் திரண்டது. யார்டே பரபரத்தது. கிரேன்கன்னிக்குப் பதிலாகத் தொங்குகிற பெண் மோனிஷா. காசிமேட்டுக்காரி. பாக்ஸிங் பழகி, இப்போது சினிமாவில் டூப் போடுகிறாள். உடைக்குள் பெல்ட். பெல்ட்டின் வளையம் கொக்கியில். கொக்கி சங்கிலியில். சங்கிலி கிரேனில். மாட்டியதும் தூக்கியதும் என்னிடம் பல வருஷமாகக் கிரேன் ஓட்டுகிறவன், துளசி.

வழக்கமாகப் பாதுகாப்புக்குக் கூடுதலாக ஒரு மெல்லிய வயர் கட்டுவார்கள். கேமராவில் தெரிகிறது என்று கழற்றிவிட்டார்கள். கீழே மெத்தை போடுவார்கள். வரைந்த நிழல் மறைகிறது என்று அதையும் இழுத்துவிட்டார்கள்.

மூன்று மாடி உயரத்துக்குப் போனாள். அங்கே பம்பரம் மாதிரி சுற்ற வேண்டும். அதுதான் ஷாட்.

நான் கீழே நாற்காலி போட்டு டீயோடு உட்கார்ந்திருந்தேன். காலடியில் ஏதோ விழுந்தது. எடுத்தேன். ஒரு பக்கம் மஞ்சள், ஒரு பக்கம் வெள்ளை. தெர்மாகோல்.

கிரேன் மேலேயிருந்து தெர்மாகோல் எப்படி விழும்?

அண்ணாந்து பார்த்தேன். கொக்கியின் வாய்க்குக் குறுக்கே ஒரு நாக்கு இருக்கும். இரும்புத் தகடு. வளையம் வெளியே வராமல் தடுப்பது அதுதான். அந்த நாக்கு பாதியாக உடைந்து காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. இரும்பு படபடக்குமா?

பின்சுவரைத் திரும்பிப் பார்த்தேன். என் சிவப்பு சாமான் எல்லாம் மஞ்சளாக, அழகாக, கறுப்புக் கோட்டோடு தொங்கின. ஒரு ஆணி மட்டும் காலி.

அந்த ஆணியில் இருந்த வாய் அகண்ட கொக்கிதான் மேலே அவளைத் தாங்கிக்கொண்டிருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், கலாசியாக இருந்த காலத்தில் ஒரு தடவை கடலில் விழுந்தேன், அப்போதுகூட நான் இப்படிப் பயந்ததில்லை.

வாய் அகண்ட கொக்கி கனமான சரக்கை உடனே விடாது. கனம் தானாகக் கொக்கியின் அடிவளைவில் போய் உட்கார்ந்துகொள்ளும். லேசான சரக்குதான் ஆபத்து. ஆடி ஆடி, சுற்றிச் சுற்றி, வளையம் மேலே ஏறி வாய் வழியாக வெளியே வந்துவிடும். ஐம்பது கிலோப் பெண் லேசான சரக்கு.

கத்தியிருக்கலாம். கத்தக் கூடாது. சரக்கு மேலே இருக்கும்போது எவனாவது கத்தினால் டிரைவர் பதறி லீவரை வெட்டி இழுப்பான். ஒரு உதறல் போதும். எழுந்தேன். சிரித்த முகமாக நடந்தேன். 

மேலேயிருந்து மோனிஷா பார்த்துவிட்டாள். “இன்னா நைனா, மூஞ்சி வெளுத்துப்பூட்சு? பேயப் பாத்தியா?”

“ஆமா. மேல தொங்கிகினு கீது” என்றேன்.

“தோ பார்றா. சுத்தட்டுமா, உனக்கு மட்டும் ஒரு ரவுண்டு?”

“வாணாம்மா. ஆடாம நில்லு. கேமராவுல இன்னாவோ பேஜாராம்.”

“நிக்கறதுக்குத் தர எங்க கீது?”

நான்சி ஓடிவந்தாள். “அங்கிள், கேமரா நல்லாதான் இருக்கு. மேகம் போயிடும்.”

கையிலிருந்த தெர்மாகோலை அவள் கையில் வைத்தேன். அவள் மேலே பார்த்தாள். தெர்மாகோலைப் பார்த்தாள்.  கத்த வாயைத் திறந்தவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். புத்திசாலிப் பெண்.

துளசியின் கேபின் ஜன்னலில் கை வைத்தேன். “துளசி, மெதுவா எறக்கு. முட்ட எறக்கற மாதிரி.”

“ஷாட்டு இன்னும் எடுக்கலியே நைனா.”

“எறக்குடா. அத்த சுத்தவுடாத.”

என் குரலில் என்ன கேட்டானோ, லீவரை மெதுவாகத் தள்ளினான். சங்கிலி ஒவ்வொரு கண்ணியாக இறங்கியது. அவள் ஏதோ பாட்டை முனகிக்கொண்டே வந்தாள். நான் கொக்கியையே பார்த்தேன். கண்ணை எடுத்தால் விழுந்துவிடுவாள் என்று ஒரு எண்ணம். என்ன மடத்தனம்… ஆனால் எடுக்கவில்லை.

கால் தரையைத் தொட்டது. வளையம் கொக்கியின் அடியில் இல்லை. வாயின் விளிம்பில், நகத்தளவு இரும்பின் மேல் உட்கார்ந்திருந்தது. மோனிஷா ஒற்றை விரலால் தட்டினாள். கழன்று வந்துவிட்டது.

 அவள் அந்தப் பெயின்ட் நிழலின் மேல் அப்படியே உட்கார்ந்தாள். “வூட்ல அம்மா வஞ்சிர மீனு வாங்கி வெச்சிருக்கு” என்றாள். 

அப்புறம்தான் விசாரித்தேன். பின்சுவரில் அந்தக் கொக்கியைப் பார்த்ததும் நான்சிக்குப் பிடித்துப்போயிருக்கிறது. “வாய் சிரிக்கிற மாதிரியே இருந்துச்சு அங்கிள். நான் வரைஞ்ச கொக்கி அச்சு அசல் அதுதான்.” வாய் அகண்டதால்தான் சிரித்தது. அதனால்தான் அதற்குச் சிவப்பு. பெயின்ட் ஆட்கள் சிவப்பின் மேல் மஞ்சள் அடித்தார்கள். புத்தகத்தில் நாக்கு இருக்கிறது, நிஜத்தில் இல்லை என்று தெர்மாகோலில் ஒன்று வெட்டி ஒட்டினார்கள். துளசி சிவப்பைத் தேடினான், இல்லை. நாக்கைப் பார்த்தான், இருந்தது. மாட்டினான்.

யாரைத் திட்டுவது? எல்லாரும் அவரவர் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறார்கள். எனக்குப் பயமே அங்கேதான். ஒரு பொருளின் அழகைப் பார்த்து மயங்குகிறோம். அது ஏன் அப்படி வளைந்தது என்று யார் கேட்கிறோம்?

அன்று மாலை பின்சுவர் சாமான் மொத்தத்தையும் காஸ் கட்டர் வைத்து நானே அறுத்தேன். அந்தச் சிரிக்கிற கொக்கியும் துண்டாகிவிட்டது.

மறுநாள் மறுபடி மேகம். புதுக் கொக்கி, இரும்பு நாக்கு, வயர் எல்லாம் தயார். புதுக் கொக்கி சிரிக்கவில்லை. பரவாயில்லை, புத்தகத்தில் மாற்றி வரைந்துகொள்கிறேன் என்றாள் நான்சி. மோனிஷா மட்டும் பெல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கட்டவில்லை.

“மொதல்ல நீ தொங்கு நைனா.”

“நானா? எனக்கு இன்னா வயசு தெரியுமா?”

“கப்பல் இன்ஜின் தூக்குனேன், பாய்லரு தூக்குனேன்னு அவ்ளோ வுட்டியே. நீ போய்ட்டு வா. அப்பால நான் போறேன்.”

யார்டு முழுக்க என்னையே பார்த்தது. முடியாது என்று சொல்ல முடியுமா? வேட்டியை மடித்துக் கட்டி, பெல்ட்டை மாட்டிக்கொண்டேன். கால் தரையை விட்டதும் புரிந்தது — இத்தனை வருஷம் உலகத்தையே தூக்கியவன், ஒரு தடவைகூடத் தொங்கியதில்லை. தூக்குகிறவனுக்கு அது சரக்கு. தொங்குகிறவனுக்கு அது உயிர்.

“துளசி, கொக்கியப் பாத்தியா?”

“பாத்தேன் நைனா.”

“இன்னொரு வாட்டி பாரு.”