ரெண்டு என்ற பொத்தான்

எங்கள் வீட்டில் பொய் சொல்லத் தெரியாத ஒரே ஆள் கம்ப்யூட்டர்தான் என்று நைனா, அதாவது என் அப்பா, நம்பிக்கொண்டிருந்த காலம் அது. மற்ற எல்லோர் மீதும் அவருக்குச் சந்தேகம் உண்டு. செஞ்சி பஜாரில் பாத்திரக் கடை வைத்திருப்பவருக்கு அது இயல்புதான். ஜோசியர்களைக் கண்டால் மட்டும் அறவே ஆகாது. தட்சணையைப் பார்த்துத்தான் அவர்கள் கட்டத்தையே போடுகிறார்கள் என்பார். கம்ப்யூட்டருக்குத் தட்சணை எதற்கு? நிலாவுக்கு ராக்கெட் விடுகிற மெஷின், நம் வீட்டுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்காதா என்பது அவருடைய கணக்கு.

அந்த மெஷினைக் கொண்டுவந்தவர் என் மாமா, அம்மாவின் தம்பி. அவருக்குக் கல்யாணமாகி ஒரு கைக்குழந்தையும் இருந்தது. திருவண்ணாமலை ரோட்டில் ஜெராக்ஸ், டைப்பிங், பாஸ்போர்ட் போட்டோ என்று சின்னதாக ஒரு கடை வைத்திருந்தார். கடைக்குப் புதிய கம்ப்யூட்டர் வாங்கியபோது, பாப்பா படிக்கட்டும் என்று பழையதை எங்கள் கூடத்தில் வைத்துவிட்டுப் போனார். அம்மா பழைய புடவையில் அதற்கு உறை தைத்தாள், வெள்ளிக்கிழமைகளில் குங்குமம் வைத்தாள். விளையாட்டு ஒன்றும் அதில் கிடையாது. படம் வரைய ஒன்று இருந்தது, அப்புறம் மாமா இன்டர்நெட்டிலிருந்து இலவசமாக இறக்கிய ஒரு கால்குலேட்டர். நைனா கடையில் இருப்பது மாதிரியான கால்குலேட்டர் இல்லை அது. திறந்தால் திரை முழுக்கப் பொத்தான்கள் முளைத்திருக்கும். சைன், காஸ், டேன், லாக் என்று என்னென்னவோ எழுதியிருக்கும். எனக்கு அவற்றின் அர்த்தம் தெரியாது. வீட்டில் யாருக்குமே தெரியாது என்பதும் அப்போது எனக்குத் தெரியாது.

வீட்டில் கல்யாணத்துக்கு இருந்தவள் அத்தை, நைனாவின் கடைசித் தங்கச்சி. தாத்தா போன பிறகு அவளுக்கு எல்லாமே அண்ணன்தான். திண்டிவனத்துக்கு தினமும் பஸ்ஸில் போய் லேப் டெக்னீசியன் படித்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு வருஷம் பாக்கி. ஊசியைக் கண்டாலே கண்ணை மூடிக்கொள்ளும் எங்கள் குடும்பத்தில், ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி உற்றுப் பார்க்க ஆசைப்பட்டவள் அவள் ஒருத்திதான். வந்த மாப்பிள்ளை வீட்டாரோ, கல்யாணத்துக்கு அப்புறம் படிப்பு எதுக்குங்க என்றே ஒரே மாதிரி கேட்டார்கள். நைனாவுக்கும் அது நியாயமாகவே பட்டது. அத்தைக்கு என்ன பட்டது என்கிற பேச்சே வரவில்லை.

ஜாதகம் கைக்கு வந்தால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா வந்து உறையை நீக்கி உட்காருவார். அவர் கடையில் முதலில் நிஜமாகவே ஜாதகம் பார்க்கிற ஒரு புரோகிராம் இருந்தது. ஒரு மாதம் ஓசியில் ஓடிவிட்டுப் பணம் கட்டு என்று அது படுத்துக்கொண்டது. அதன் பிறகு எங்கள் வீட்டில் பொருத்தம் பார்த்தது இந்தக் கால்குலேட்டர்தான். பிறந்த நேரம், நட்சத்திரம், பாதம் எல்லாவற்றையும் எண்ணாக்கித் தட்டுவார். சைன் போடுவார், காஸ் போடுவார். நைனா சந்தேகமாகப் பார்த்தால், "கெரகம் எத்தினி டிகிரியில நிக்குதுன்னு பாக்க வேணாமா?" என்பார். திரையின் மூலையில் டிகிரி என்று எழுதியே இருந்ததால் நைனா அடங்கிவிடுவார். கடைசியாக மாமா மானிட்டரைத் தன் பக்கம் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு டொக் டொக்கென்று எதையோ அழுத்துவார். பிறகு எங்கள் பக்கம் திருப்புவார்.

முதல் வரனுக்கு 0.31 வந்தது. அதன் பின்னால் எறும்பு வரிசை போல இன்னும் ஏழெட்டு எண்கள். அதையெல்லாம் விட்டுவிட்டு, நூற்றுக்கு முப்பத்தொன்று என்று மாமா தீர்ப்புச் சொன்னார். நைனா ஆடிப்போய்விட்டார். நல்ல இடம், சொந்த மில், பையனுக்குக் கெட்ட பழக்கம் கிடையாது. பாஸ் மார்க்குக்கு நாலே நாலு குறைகிறது. "கிரேஸ் மார்க்கு மாதிரி எதுனா போட முடியாதாடா?" என்று மாமாவிடம் கெஞ்சியதை நானே காதால் கேட்டேன். மாமா மிகுந்த வருத்தத்தோடு உதட்டைப் பிதுக்கினார். அடுத்த வரனுக்குப் பன்னிரண்டு. அதற்கடுத்ததற்கு ஒற்றை இலக்கம். அன்றைக்கு நைனா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு, "என் தங்கச்சி தலையெழுத்துல இன்னாதான்டா எழுதியிருக்குது?" என்று கேட்டபோது அவர் குரல் உடைந்துபோயிருந்தது. நைனா அழக்கூடியவர் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. பள்ளியில் ஆங்கிலம் எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்திருந்ததால், கண்ணில் பட்டதையெல்லாம் கூட்டிக்கொண்டிருந்தேன். ஒரு சனிக்கிழமை மத்தியானம் கால்குலேட்டரைத் திறந்து ஒவ்வொரு பொத்தானாகக் கூட்டியபோது, கீழ் வரிசையில் ஒன்று சிக்கியது. ஆர், ஏ, என், டி. ரெண்டு! கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியும் என்று புல்லரித்துப் போனேன். ஆசையாக அழுத்தினேன். 0.77 என்று வந்தது. தப்பாக அழுத்திவிட்டேனோ என்று மறுபடி அழுத்தினேன். 0.04. இன்னொரு முறை, 0.59. ரெண்டை அழுத்தினால் ரெண்டு வர வேண்டும். வராவிட்டாலும் போகட்டும், ஒரு தடவை வந்ததாவது மறுதடவை வர வேண்டாமா? அது ரெண்டு இல்லை, ரேண்டம் என்பதன் சுருக்கம், வாய்க்கு வந்த எண்ணைச் சொல்வதற்கென்றே வைத்த பொத்தான் என்று பல வருஷம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எனக்குத் தோன்றியது ஒன்றுதான். கம்ப்யூட்டரை நான் உடைத்துவிட்டேன். உறையைப் போட்டு மூடிவிட்டு, வாயையும் மூடிக்கொண்டேன்.

மறுநாளே அவலூர்பேட்டையிலிருந்து ஒரு வரன் வந்து இறங்கியது. பொருத்தத்தையும் பெண்ணையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று மாப்பிள்ளை, அவருடைய அப்பா, அம்மா மூன்று பேரும் வந்திருந்தார்கள். மாமா வழக்கம்போல மானிட்டரைச் சாய்க்கப் போனார். மாப்பிள்ளையின் அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் தோளோடு தோளாக உட்கார்ந்துகொண்டார். "நீ போடு தம்பி. நம்ம கிட்ட ஒளிவு மறைவு கெடையாது, நானும் பாக்கறேன்" என்றார். மாமாவின் காது சிவந்தது. அவர் சைன் போட்டார், காஸ் போட்டார், முடிந்த மட்டும் நேரத்தைக் கடத்தினார். கடைசியில் வேறு வழியில்லாமல் ஒரே ஒரு முறை அந்த ரெண்டு பொத்தானை அழுத்தினார்.

0.98.

நைனா சுவரில் இருந்த சாமி படத்தைப் பார்த்துக் கை கூப்பினார். மாப்பிள்ளையின் அம்மாள் பைக்குள்ளிருந்து பூச்சரத்தை எடுத்தேவிட்டார். அத்தை காப்பித் தட்டோடு சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். தட்டில் டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுவென்று சத்தம் கேட்டது. மாமாவைப் பார்த்தேன். பரீட்சையில் மாட்டிக்கொண்ட பையனின் முகம். எனக்கு அவர் மேல் பாவமாகிவிட்டது. என் ரகசியத்தை வைத்து அவருக்கு உதவலாம் என்று தோன்றியது.

"இன்னொரு வாட்டி அமுக்கு மாமா, வேற வரும்!" என்று கத்தினேன்.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா கிள்ள வருவதற்குள் நான் ஓடிப்போய் நானே அழுத்திக் காட்டினேன். 0.15. மறுபடி அழுத்தினேன், 0.63. மறுபடி, 0.02. நைனா எழுந்து வந்து என் தலைக்கு மேலாகத் திரையைப் பார்த்தார்.

"இது இன்னா பட்டன்?"

"ரெண்டு, நைனா."

"ரெண்டா?" என்று அவரும் எழுத்துக் கூட்டினார். பிறகு மாமா பக்கம் திரும்பினார். "ரெண்டு போட்டா ரெண்டுதானேடா வரணும்?"

மாமா திரையில் தூசி துடைப்பது போலக் குனிந்துகொண்டார். மாப்பிள்ளையின் அப்பா மட்டும் நிதானமாக இருந்தார். கரண்ட்டு ஏறி இறங்கியிருக்கும், மொதல்ல வந்ததத்தான் கணக்குல எடுத்துக்கணும் என்றார். நைனா அதைக் காதில் வாங்கவில்லை. பொய் சொல்லாத ஒரே ஆளும் கைவிட்டதில் அவர் முகம் வெளுத்துக் கிடந்தது. அவர் கை மாமாவின் சட்டைக்காலருக்குப் போயிற்று. அப்போதுதான் சமையலறை வாசலிலிருந்து குரல் வந்தது.

"அவர ஒண்ணும் சொல்லாதண்ணா. நான்தான் அப்படிச் செய்யச் சொல்லிக் கேட்டுக்கிட்டேன்."

அத்தை தட்டைக் கீழே வைக்கக்கூட இல்லை. நைனா கத்தினால் கடையில் அண்டாவே அதிரும். இப்போது அண்டாவுக்கெல்லாம் மேலே ஒன்று அதிரப்போகிறது என்று நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். ஒன்றும் அதிரவில்லை. கண்ணைத் திறந்தபோது அவர் காலரை விட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அத்தை பக்கம் திரும்பினார்.

"உனக்கு வேணாமாம்மா?"

அத்தைக்குக் கண்ணீர் கொட்டியது. அவர் மறுபடியும் கேட்டார், சின்னக் குரலில். "கேக்கறேன்ல. சொல்லு. உனக்கு இன்னா வேணும்?"

"படிப்ப முடிச்சிடறேண்ணா. ஒரு வருசம்தான்" என்று அத்தை காப்பித் தட்டைப் பார்த்துச் சொன்னாள்.

நைனா எழுந்து, மாப்பிள்ளை வீட்டாரைப் பார்த்துக் கை கூப்பினார். ஒரு வருஷம் போகட்டுங்க என்றார். அந்த அம்மாள் பூவைப் பைக்குள் திணித்தார். மாப்பிள்ளையின் அப்பா வாசல் வரைக்கும் தொண்ணூற்றெட்டைப் பற்றியே பேசிக்கொண்டு போனார். அதுவரை ஒரு வார்த்தை பேசாத மாப்பிள்ளை மட்டும் தன் தட்டிலிருந்த கடைசி பஜ்ஜியை முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

சாயங்காலம் அத்தை மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன. மடித்த துணியையே மறுபடி பிரித்து மடித்தாள். அழுகை நின்றபாடில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

"நைனா அடிச்சாரா அத்தை?"

"இல்லடி."

"தனியா கூப்ட்டு திட்னாரா?"

"இல்ல." மூக்கை உறிஞ்சினாள். "கேட்டாரு."

"இன்னா கேட்டாரு?"

"அதான். உனக்கு இன்னா வேணும்னு கேட்டாருல்ல."

சொல்லிவிட்டு என் பாவாடையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. என்னைத்தான் வீட்டில் எல்லோரும் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். தோசை வேணுமா இட்லி வேணுமா, கடைக்கு வர்றியா, எந்த கவுன் போட்டுக்கறே? ஒருநாளும் எனக்கு அழுகை வந்ததில்லை. அத்தை காலையிலிருந்து பச்சைத் தண்ணிகூடக் குடிக்கவில்லையே, பசியாக இருக்கும் என்று நினைத்து, பஜ்ஜி மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கக் கீழே ஓடினேன்.