விதைக்கு ஆகாத கதிர்

என் மாமனார் வெள்ளாமையில் கெட்டிக்காரர். கேழ்வரகு அறுப்புக்கு முன்பே காட்டில் இறங்கி, விதைக்கென்று நல்ல கதிர்களாகப் பார்த்துக் கிள்ளுவார். நோய் விழுந்த கதிர்ப் பக்கம் அவர் கை போகாது. "இது திங்க ஆகும், வெதைக்கு ஆகாது" என்பார். அந்தக் கணக்கை எங்கள் மேலும் போடுவார் என்று நான் நினைக்கவில்லை.

கல்யாணமாகி இரண்டாம் வருசம் எனக்கும் என் கணவருக்கும் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. அத்தை அதற்கு முன்பே இறந்துவிட்டார். மாமனாருக்கு மட்டும் சொன்னோம். வேறொருவராக இருந்தால் தட்டைத் தனியாக வைத்திருப்பார். இவர் எங்கள் சட்டியிலேயே களி தின்றார். மாத்திரை வாங்க மலையிறங்கி ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அவரே பஸ் ஏற்றிவிடுவார். யாராவது கேட்டால், "மொளகு விக்கப் போறாங்க" என்று சமாளிப்பார்.

ஒருமுறை அங்கிருந்த நர்ஸ், மாத்திரையை விடாமல் சாப்பிட்டு டாக்டர் சொன்னபடி நடந்தால் நோயில்லாத குழந்தை பெறலாம் என்றார். அன்றைக்கு மலை ஏறியது பஸ்ஸா நானா என்றே தெரியவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் மாமனாரிடம் சொன்னேன். பலாப்பழம் அரிந்துகொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"வேண்டாஞ் சாமி. நோவு பட்டதுல வெத எடுக்கக் கூடாது. அந்தப் பச்ச மண்ணும் மாத்திர தின்னு பொழைக்கோணுமா? நீங்க ரெண்டு பேரும் நல்லாருந்தாப் போதும்."

"ஒருக்கா வந்து நர்சம்மாகிட்டக் கேளுங்க மாமா" என்றேன்.

"படிச்சவங்க ஆயிரஞ் சொல்லுவாங்க."

என் கணவர், "அப்பா சொன்னாச் சரிதான்" என்று எழுந்து போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொடுமைக்காரராக இருந்திருந்தால் சண்டை போட்டுக்கொண்டு கிளம்பியிருப்பேன். எங்களைக் கண்ணுக்குள் வைத்துக் காத்தவரிடம் எப்படி மல்லுக்கு நிற்பது? அடுத்த அறுப்பு முடியட்டும், மறுபடி பேசலாம் என்றே இருபது வருசம் போய்விட்டது.

போன வருசம் மாத்திரை வாங்கப் போகும் நாளில் கணவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். மாமனார் எனக்குத் துணையாக முதல்முறை ஆஸ்பத்திரிக்கு வந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணின் மகள், பன்னைக் கையில் வைத்துக்கொண்டு பெஞ்சைச் சுற்றி ஓடினாள். அந்தப் பெண் தானாகவே சொன்னாள்: "எனக்கும் இவங்கப்பாவுக்கும் இருக்குதுங்க. இவளுக்கு இல்லீங்க. எல்லா டெஸ்ட்டும் பாத்துட்டாங்க."

மாமனார் அந்தச் சிறுமியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். திரும்பும்போது பஸ் மலை பாதி ஏறியபின் கேட்டார்.

"ஏங் கண்ணு, அன்னிக்கு அந்த நர்சம்மா சொன்னது இதானா?"

"ஆமாங்க மாமா."

"இப்பவும் முடியுமா?"

எனக்கு வீட்டுவிலக்கு நின்று இரண்டு வருசம் ஆகியிருந்தது. மாமனாரிடம் அதை எப்படிச் சொல்வது? "அந்தக் காலம் போயிருச்சுங்க" என்றேன். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். எனக்குக் கோபம் வரவில்லையே என்றுதான் அழுகை வந்தது.

இந்த வருசம் கேழ்வரகு முற்றியும் அவர் காட்டுக்கு வரவில்லை. "வெதைக் கதிர நீயே பாத்து எடு கண்ணு" என்று சொல்லிவிட்டார். எடுத்தேன். நோய் விழுந்த கதிர்களை நானும் ஒதுக்கத்தான் செய்தேன். அது கேழ்வரகு. அதற்கு மாத்திரை கிடையாது.