அவுக பேருக்காரர்

பேராச்சியின் புருஷன் தூக்குப்போட்டுச் செத்தார் என்று எவனாவது என் முன்னால் சொன்னால் எனக்கு இன்றைக்கும் கை நீண்டுவிடும். போலீசே அப்படித்தான் எழுதியிருக்கிறதாம். பெரிய அதிகாரி கையெழுத்தும் போட்டாயிற்றாம். போட்டால் போடட்டும்! அவர் வந்து பார்த்தாரா? தாராவிச் சேற்றில் அவர் ஷூ ஒரு நாளாவது பட்டிருக்குமா?

நான் கனகவள்ளி. எனக்கும் பேராச்சிக்கும் அடுத்தடுத்த வீடு. நடுவில் ஒரு தகரத் தடுப்புதான். அவள் தாளித்தால் நான் தும்முவேன். இப்போது அவள் சுனாபட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருக்கிறாள். பிள்ளைகளுக்கு மூக்குச் சிந்திவிட்டு, பெஞ்சு துடைத்து, யாரிடமும் கை நீட்டாமல் பிழைக்கிறாள். அவளைப் பற்றி ஊரில் நாலு விதமாகப் பேசுகிறார்கள். பொண்டாட்டி தொல்லை தாங்காமல்தான் ஹவல்தார் போய்ச் சேர்ந்தார் என்று வாய் கூசாமல் சொல்கிறவர்களும் உண்டு. அந்த வாயெல்லாம் புழுத்துப் போகட்டும்.

அவள் புருஷன் ஹவல்தார் நயினார். நாங்குநேரிப் பக்கத்துக்காரர். சின்ன வயசில் பம்பாய்க்கு வந்து, தோல் ஷாப்பில் கிடந்து நாறி, பிறகு போலீசில் சேர்ந்தவர். தமிழ், இந்தி, மராத்தி மூன்றும் பேசுவார் என்று எங்கள் பக்கத்து ஸ்டேஷனிலேயே போட்டிருந்தார்கள். பெரிய சிடுமூஞ்சி. குழாயடிச் சண்டைக்கு வந்தாலும் சட்டம் பேசுவார். ஒரு தடவை என் குடத்தையே ஓரம் தள்ளி வைத்தார்; நான் பேசிய பேச்சுக்கு மறுபடி என் குடத்தைத் தொடவில்லை. ஆனால் ஓசியில் ஒரு கப் டீ குடிக்கமாட்டார். அப்போது பம்பாய் முழுக்க மதுவிலக்கு. எங்கள் பக்கம் கழிமுகச் சேற்றில் சந்துக்குச் சந்து சாராயம் காய்ச்சினார்கள். காய்ச்சுகிறவனிடம் கை நீட்டாத போலீஸ்காரர் எனக்குத் தெரிந்து அவர் ஒருத்தர்தான்.

அப்படி ஒரு சாராய வேட்டையில்தான் கூரையிலிருந்து விழுந்து வலது தோளை முறித்துக்கொண்டார். எலும்பு கூடிற்று, கை மட்டும் மார்புக்கு மேலே எழும்பவில்லை. காக்கிச் சட்டையைப் பேராச்சிதான் மாட்டிவிடுவாள். தலையும் அவள்தான் வாரிவிடுவாள். "இந்த வயசுல மாப்பிள்ளைக் கோலம் கேக்குது பாரு ஒன் ஹவல்தாருக்கு" என்று நான் கேலி செய்வேன். தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து அவர் இருமுவார்.

பேராச்சி புருஷன் பேரைச் சொல்லமாட்டாள். நானும் அந்தச் சீமைக்காரிதான், ஆனால் எனக்குக் கோபம் வந்துவிட்டால் என் வீட்டுக்காரரை "ஏ வேலுச்சாமி!" என்று தெருமுனை வரைக்கும் கேட்கக் கூப்பிடுவேன். அவள் அப்படியில்லை. ரேஷன் கடைக்காரன் வீட்டுத் தலைவர் பேரைக் கேட்டால் என் முகத்தைப் பார்ப்பாள், நான் சொல்லவேண்டும். திருநெல்வேலி நயினார்குளத்தைக்கூட "அந்தப் பெரிய குளம்" என்பாள்.

இதில் ஒரு சங்கடம். எங்கள் தெருவில் இன்னொரு நயினார் இருந்தான். மெயின் ரோட்டில் தகரக்கடை. முன்னால் தகரம், பின்னால் சாராயக் கேன். கோயில் கமிட்டியில் முதல் ஆள். நெற்றி நிறைய விபூதி. எல்லாரும் அவனைத் தகரக்கடை நயினார் என்போம். பேராச்சி மட்டும் "அவுக பேருக்காரர்" என்பாள், தன் புருஷன் பேரை உடையவர் என்று அர்த்தம். அவள் அப்படிச் சொன்னால் எங்கள் தெருவில் குழந்தைக்குக்கூட ஆள் யாரென்று தெரியும்.

அறுபத்து நாலாம் வருஷம் மழை முடிந்த சமயம். தகரக்கடைக் கேன்களை ஹவல்தார் கண்டுபிடித்துவிட்டார். இன்ஸ்பெக்டரிடம் போய்ச் சொன்னார். பார்க்காத மாதிரி இரு என்றாராம் அந்த மகானுபாவர். தகரக்கடைப் பணம் அங்கேயும் போகிறது என்று ஹவல்தாருக்குப் புரிந்துவிட்டது. அன்றைக்கு அவர் சொன்னது தடுப்பு வழியாக என் காதில் விழுந்தது: "திங்கக்கெழம கோட்டைக்குப் போயிப் பெரிய போலீஸ் ஆபீஸ்லயே சொல்லிருதேன். இவன் தொப்பி கழலுதா என் தொப்பி கழலுதான்னு பாத்துருவோம்." பேராச்சி, "நமக்கு எதுக்குங்க வம்பு" என்றாள். 

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் சயானுக்கு மீன் வாங்கப் போயிருந்தேன். பேராச்சி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். தகரக்கடைக்காரன் சிரித்துக்கொண்டே வந்தானாம். "அண்ணாச்சி, ஒரு சின்னப் பேச்சு, இந்தா வந்துருவோம்" என்று அவர் தோளில் கை போட்டுக் கூட்டிக்கொண்டு போனானாம். வலிக்கிற தோள். அதில் போய்க் கை போட்டிருக்கிறான், கட்டையில் போவான்.

திங்கட்கிழமை காலையில் கழிமுகத்தை ஒட்டிய பூட்டிக் கிடந்த கிடங்கில் ஹவல்தார் தொங்கினார். என் வீட்டுக்காரரும் தூக்கி இறக்கப் போயிருந்தார். உத்தரம் உயரத்தில் இருந்ததாம். காலுக்குக் கீழே ஒரு பெட்டியோ டின்னோ கிடையாதாம். வந்து சொல்லிவிட்டு என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். தலைக்கு மேலே கை எழும்பாத மனுஷன் உத்தரத்தில் கயிறு கட்டினாராம்! கேட்டால் இதற்கும் ஒரு சட்டம் வைத்திருப்பார்கள்.

காரியம் முடிவதற்குள்ளேயே பேராச்சியை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். எனக்கு உள்ளே அனுமதி இல்லை. வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். அவளுக்கு இந்தி அரைகுறை, மராத்தி சுத்தமாக வராது. அதனால் மாட்டுங்காவிலிருந்து அனந்தகிருஷ்ணன் என்று ஒரு கிளார்க்கை வரவழைத்திருந்தார்கள், அவள் தமிழை மராத்தியில் சொல்ல. வெளியே வந்தபோது அவள் முகத்தில் கொஞ்சம் தெளிவு. "சொல்லிட்டேன் மைனி. யாரு கூட்டிட்டுப் போனாவன்னு கேட்டாவ, சொல்லிட்டேன். எழுதிக்கிட்டாவ" என்றாள். நானும் நம்பினேன். இன்றைக்குப் பிடிப்பார்கள், நாளைக்குப் பிடிப்பார்கள் என்று இரண்டு பேரும் மெயின் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பதினாறாம் நாள் காரியத்துக்குத் தகரக்கடைக்காரன் மாலையோடு வந்தான். வந்து, ஹவல்தார் படத்துக்கு மாலையைப் போட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டான். அடி ஆத்தி! அந்த நெஞ்சழுத்தம் யாருக்கு வரும்? பேராச்சி எழுந்து அந்த மாலையை உருவி வாசலில் எறிந்தாள்.

மறுநாளே இரண்டு பேரும் ஸ்டேஷனுக்குப் போனோம். இந்தத் தடவை என்னைத் தடுத்த கான்ஸ்டபிளைத் தள்ளிக்கொண்டே உள்ளே போனேன். இன்ஸ்பெக்டர் பான் மென்றுகொண்டிருந்தார். அனந்தகிருஷ்ணனும் வேறு ஏதோ வேலையாக அங்கே உட்கார்ந்திருந்தார்.

"ஏன் இன்னும் அந்த ஆளைப் பிடிக்கலை?" என்று நான் இந்தியில் கேட்டேன்.

"எந்த ஆளை? கேஸ் முடிந்துவிட்டது, தற்கொலை. இவளே சொல்லியிருக்கிறாளே" என்றார் இன்ஸ்பெக்டர்.

அவள் சொன்னதைப் படித்துக்காட்டும்படி நான் கத்தினேன். அனந்தகிருஷ்ணன் வாங்கிப் படித்துத் தமிழில் சொன்னார்: "புருஷனை யார் கூட்டிண்டு போனான்னு கேள்வி. யாரும் கூட்டிண்டு போகலை, நயினார் தானேதான் போனார்னு பதில். நீங்க சொன்னதுதானேம்மா?"

பேராச்சி ஒன்றும் புரியாமல் விழித்தாள். "நான் அப்படிச் சொல்லலய்யா. அவுக பேருக்காரருதான் கூட்டிட்டுப் போனாருன்னுல்லா சொன்னேன்."

"ஆமா, அப்படித்தான் சொன்னேள். பேரைச் சொல்லுங்கோன்னேன், வாயே திறக்கலை. நயினாரான்னு நானே கேட்டேன், தலையாட்டினேள். நயினார்ங்கறது உங்க ஆத்துக்காரர் பேர்தானே?"

நான் குறுக்கே புகுந்தேன். "அய்யா, அவ புருஷன் பேரும் நயினார், கூட்டிட்டுப் போனவன் பேரும் நயினார். அவ புருஷன் பேரைச் சொல்லமாட்டா. அதான் அவுக பேருக்காரருன்னா. ஒங்களுக்கு வெளங்கலையா?"

அந்த மனுஷன் முகம் வெளுத்துவிட்டது. "ஐயையோ" என்றார். அவர் கெட்டவர் இல்லை, அதையும் சொல்லவேண்டும். உடனே திரும்பி மராத்தியில் படபடவென்று இன்ஸ்பெக்டரிடம் எடுத்துச் சொன்னார். இன்ஸ்பெக்டர் பானைத் துப்பிவிட்டு நிதானமாகத்தான் கேட்டார்: "அப்படியானால் நீ பொய்யாக மொழிபெயர்த்துக் கையெழுத்துப் போட்டாயா? உன்மேல் கேஸ் எழுதட்டுமா?"

அனந்தகிருஷ்ணன் குனிந்துகொண்டார். "நான் பிள்ளைகுட்டிக்காரன்மா" என்று பேராச்சியிடம் முணுமுணுத்தார். அவளும்தான் பிள்ளைகுட்டிக்காரி. இதை நான் அவர் முகத்துக்கு நேராகவே கேட்டேன். 

தெரியாமல் நடந்த தப்பு என்று அதுவரைக்கும் சொல்லலாம். தெரிந்த பிறகும் அதையே பிடித்துக்கொண்டார்களே, அதை நினைத்தால்தான் என் வயிறு எரிகிறது. தெருவே அறிந்த ஒரு சொல் அவர்களுக்குப் புரியவில்லை. புரிந்தபோது அவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை.

மனு எழுதிக் கொடுத்தோம், அலைந்தோம். கடைசியில் கோட்டையில் பெரிய அதிகாரி கூப்பிட்டார். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். நான் தோளைப் பற்றிச் சொன்னேன், உத்தரத்தைப் பற்றிச் சொன்னேன். "டாக்டர் பார்த்துக்கொள்வார், நீ பேசாதே. இவள் சொல்லட்டும். யார் கூட்டிக்கொண்டு போனது?" என்றார்.

ரயிலில் வந்த வழியெல்லாம் பேராச்சி உதட்டை அசைத்துக்கொண்டே வந்தாள். சாமி கும்பிடுகிறாள் என்று நினைத்திருந்தேன். இப்போது சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, தரையைப் பார்த்தபடி, "நயினார்" என்றாள். அவள் வாயிலிருந்து அந்தப் பேரை அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேட்டேன். 

அதிகாரி காகிதக் கட்டைப் புரட்டினார். "நயினார். அதுதானே இங்கேயும் எழுதியிருக்கிறது? ஒன்றும் மாறவில்லையே" என்று மூடி வைத்தார்.

"சாப், தோ நயினார்!" என்று பேராச்சி இரண்டு விரலைக் காட்டினாள். "மேரா ஆத்மி நயினார். மார்னேவாலா பீ நயினார்!" என் புருஷனும் நயினார், கொன்றவனும் நயினார் என்று சொல்ல அவளுக்குத் தெரிந்த இந்தி அவ்வளவுதான். அவர் மணியை அடித்தார். ஒரு சிப்பாய் வந்து எங்களை வெளியே கொண்டுவிட்டான்.

திரும்பி வரும்போது அவள் அழவில்லை. தாராவிக்கு வந்து சேர்ந்ததும் வீட்டுப் பக்கம் திரும்பாமல் மெயின் ரோட்டில் நடந்தாள். சந்தை நேரம், நல்ல கூட்டம். தகரக்கடையில் அவன் கமிட்டி ஆட்களோடு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். அவள் நடு ரோட்டில் நின்றாள்.

"ஏல, நயினார்!"

டீக் கிளாஸ்கள் அப்படியே நின்றன. அவன் எழுந்து உள்ளே போனான்.

"நயினார்! வெளிய வால!"

"பாவம், புருஷன் பேரைச் சொல்லிக் கூப்பிடுதா. புத்தி பேதலிச்சிட்டு" என்று கமிட்டிக்காரர் ஒருத்தர் அவளைப் பிடித்து ஓரம் தள்ள வந்தார். பேராச்சி அவர் கையைத் தட்டிவிட்டாள்.

"என் புருஷன நான் கூப்பிடலய்யா. அவுக இனிமே வரமாட்டாவ. இவனத்தான் கூப்பிடுதேன். இந்தா வந்துருவோம்னு சொல்லித்தான கூட்டிட்டுப் போனான்? கூட்டிட்டுப் போனவன் திரும்பக் கொண்டாந்து விடணுமா வேண்டாமா? நீங்களே சொல்லுங்க!"

 உள்ளேயிருந்து யாரோ கடைக் கதவை இழுத்துச் சாத்தினார்கள். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவள் பக்கத்தில் நின்று, என் தொண்டை கிழிய அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.