பொடியில் ஒட்டியிருந்த அமிலம்

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் பெயர் பொடியக்கா. பதினேழு வருடமாக அங்கே புரதம் கட்டுவதுதான் அவள் வேலை. உடம்பு தன் பாட்டுக்குச் செய்வதை அவள் கண்ணாடிக் குழாயில் செய்தாள். கடுகைவிடப் பொடிசான பிசின் மணிகளில் ஓர் அமினோ அமிலத்தைக் கோப்பாள், கழுவுவாள், அதன் தலையில் அடுத்ததைக் கோப்பாள். இப்படி ஐம்பத்தெட்டுக் கண்ணி. கடைசியில் ஒரு கடுமையான அமிலத்தை ஊற்றி, சங்கிலியை மணியிலிருந்து வெட்டியெடுத்து, சுத்தம் செய்து உலர்த்தினால் பஞ்சு போல வெள்ளைப் பொடி. "அக்கா பொடி செய்வாங்களே தவிர, பொடி வச்சுப் பேசமாட்டாங்க" என்பது அங்கே பழைய கிண்டல்.

அந்தப் பொடிகளில் ஒன்று பெயர் வாங்கியது. குடல் புற்றுநோய்ச் செல்கள்மேல் போட்டதும் இரண்டே நாளில் முக்கால்வாசி செத்தன. ஒப்பிடுவதற்காக, அதே கண்ணிகளை வரிசை மாற்றிக் கோத்த பொடியை வெளியில் வாங்கிப் போட்டார்கள். ஒன்றும் சாகவில்லை. கட்டுரை வந்தது, பத்திரிகையில் படம் வந்தது. படத்தின் ஓரத்தில் இவளும் நின்றாள். அதைக் கத்தரித்து அண்ணனிடம் காட்டியவள் இவளேதான். பேருந்து ஓட்டுநரான அண்ணனுக்கு அப்போதுதான் பெருங்குடலில் கட்டி என்று சொல்லியிருந்தார்கள்.

அடுத்தது எலிச் சோதனை. வெட்டப் பயன்படும் அமிலம் பொடியோடு கொஞ்சம் ஒட்டியே வரும், எலிக்கு அது ஆகாது. அதை முழுசாக நீக்கித் தரச் சொன்னார் ஆய்வுக்கூடத் தலைவி. நீக்கிக் கொடுத்தாள். இரண்டு நாள் கழித்து, அங்கே செல் வளர்க்கும் பையன் ஓடிவந்தான்.

"அக்கா, என்னத்தக் குடுத்தீங்க? ஒண்ணுகூடச் சாகல!"

தன் கைதான் தவறிவிட்டது என்று நினைத்தாள். மூலக்கூறின் எடை பார்க்கும் கருவியில் போட்டாள். சங்கிலி சரியாகவே இருந்தது. அப்போது வந்த எண்ணத்தை அவளுக்கே பிடிக்கவில்லை. பழைய பொடியில் எவ்வளவு அமிலம் ஒட்டியிருக்குமோ அந்த அளவை மட்டும், புரதமே இல்லாமல், செல்கள்மேல் விட்டாள்.

இரண்டாம் நாள் நுண்ணோக்கியில் குனிந்தவள் நிமிரவே இல்லை. செல்கள் உருண்டு சுருண்டு மிதந்தன. முக்கால்வாசி. வெளியில் வாங்கிய பொடியின் புட்டியைத் தேடியெடுத்துப் படித்தாள்: 'அமிலம் நீக்கப்பட்டது.' மூன்று வருடமாக அந்த எழுத்து அலமாரியிலேயே இருந்திருக்கிறது.

தலைவியும் வந்து நுண்ணோக்கியில் இரண்டு முறை பார்த்தார். முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது.

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்ல மேடம்." மூடி மறைக்கப் போகிறாரோ என்று அவள் பயந்தாள்.

"நல்லது. நானே சொல்றேன். என் வாயாலதான் வரணும்."

அன்றே கட்டுரையைத் திரும்பப் பெறக் கடிதம் எழுதினார் அவர்.

அங்கிருந்து நேரே அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணி கதவைத் திறந்தாள். அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து சட்டைப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்போ அந்த மருந்து?"

"மருந்தே இல்லண்ணே. ஆபரேஷன் என்னைக்கு?"

அவன் ஊசியைக் கீழே வைத்தான். "அந்தத் தேதி போயி மூணு மாசம் ஆச்சு. வேணாம்னு நான்தான் சொல்லிட்டேன். உன் பொடி வரும்ல, எதுக்கு வயித்தக் கிழிக்கணும்னு..."

"என்கிட்ட டாக்டர்தான் தேதியத் தள்ளி வச்சிருக்கார்னு சொன்னீங்களே, பாவி!" என்று அண்ணி சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாளே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அந்த வாரமே அறுவை நடந்தது. கட்டி ஈரல்வரை போயிருந்ததால் அதிலும் ஒரு துண்டை எடுக்க வேண்டியிருந்தது. பிழைத்துக்கொண்டான். ஆனால் பேருந்து ஓட்டும் வேலை போயிற்று, பணிமனையில் உட்கார்ந்து வண்டிகளுக்கு நேரம் குறிக்கிறான்.

அறுவை முடிந்து கண் விழித்ததும் அவன் இவளிடம் கேட்டது ஒன்றுதான். குரலில் கோபமே இல்லை.

"இத நீ ஏன் முன்னாடியே பாக்கல?"

அவனுடைய போர்வையின் ஓரத்தைப் பிடித்தபடி அவள் நின்றாள். "புட்டியிலயே எழுதியிருந்துச்சுண்ணே. நான்தான் படிக்கல" என்றாள்.