ஓட்டைப் பக்கம் மேலே: ஒரு கிரம்பெட் கடைக்காரியின் அனுபவங்கள்

ராத்திரி பத்து மணிக்குமேல் சமையலறையிலிருந்து 'ளொப்... ளொப்... டணார்' என்று சத்தம் வந்தால், மற்ற தொழில்களில் அது திருடன். எங்கள் தொழிலில் அது மறுநாள் காலை டிபன்.

முன்னறையில் நாலு மேசையைப் போட்டுக் கடை நடத்திக்கொண்டு, பின்னறையில் குழந்தையைத் தூங்கப் போட்டிருக்கும் சகோதரிகளே, உங்களுக்கு இது புரியும். நான் மாமல்லபுரத்தில் கடற்கரைக்குப் போகும் ஒரு சந்தில் கிரம்பெட் என்ற இங்கிலாந்துப் பலகாரம் விற்கிறேன். ஏன் இட்லி விற்கவில்லை என்று கேட்பீர்கள். சந்தில் ஏற்கெனவே ஏழு இட்லிக் கடை இருக்கிறது. தவிர எனக்கு இட்லி வராது. நான் படித்த மலையூர் கான்வென்ட் ஹாஸ்டலில், தமிழில் பேசினால் ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சமையற்கட்டில் வேலை செய்ய வேண்டும். நான் நிறையத் தமிழ் பேசினேன். அதனால் கிரம்பெட், ஷெப்பர்ட்ஸ் பை, பிரெட் புட்டிங் எல்லாம் கண்ணைக் கட்டிவிட்டாலும் செய்வேன்.

செய்ய முடியாதது ஒன்றுதான்: ராத்திரி தனியாக இருப்பது. கணவர் சரக்குக் கப்பலில் இருக்கிறார், வர இன்னும் ஐந்து மாதம். மகள் மகிக்கு இரண்டு வயது, அவளுக்கு எதற்கும் பயமில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து நானே பயந்துகொள்கிறேன். கருங்குழியில் இருக்கும் கணவரின் அண்ணனை நான் மாமா என்று கூப்பிடுவேன். கடை ஆரம்பித்த அன்றே அவர் சொல்லிவிட்டார்: ராத்திரி துணைக்கு ஆள் இருக்கிறவரை கடை, ஆள் இல்லாத அன்றைக்கு வண்டி வரும், மூட்டை கட்ட வேண்டியதுதான். ஆக, என் கடையின் ஆயுள் துணைக்குப் படுக்க வரும் அஞ்சலை அக்காவின் கையில் இருந்தது. அக்கா இரண்டு வீடு தள்ளி இருப்பவர், மீன் விற்பவர். முதல் நாள் கக்கத்தில் இடுக்கி வந்த தலையணை என் வீட்டு மூலையிலேயே இருக்கும். தினமும் ஒன்பது மணிக்கு வருவார், கதவுக்குத் தாழ் போடுவார், படுத்த மறு நிமிடம் குறட்டை.

மாவுக்கு வந்த உயிர்

முதல் நாள் மாவு கரைத்த ராத்திரி. மைதா, பால், ஈஸ்ட். ஹாஸ்டலில் குளிர், மாவு ஒழுங்காக இருந்த இடத்திலேயே இருக்கும். இங்கே கடற்கரைப் புழுக்கம் என்பதை நான் யோசிக்கவில்லை. பத்தரைக்கு 'ளொப்' என்றது. அப்புறம் யாரோ எச்சில் விழுங்குவதுபோல ஒரு சத்தம். அப்புறம் 'டணார்'. நான் மகியை அள்ளிக்கொண்டு "ஜீசஸ்! ஜீசஸ்!" என்று கத்தினேன். பிறந்ததிலிருந்து நான் கும்பிடுவது முருகனை. பயம் வந்தால் மட்டும் கான்வென்ட் வந்துவிடுகிறது.

அக்கா எழுந்தார். மீன் வெட்டும் கத்தியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய் விளக்கைப் போட்டார். அண்டா மூடி தரையில் கிடந்தது. மாவு பொங்கி, மேடையிலிருந்து இறங்கி, ஸ்டவ் பக்கமாக நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. அக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இன்னா கண்ணு, மாவு பொங்கினதுக்கு ஏசுவ எழுப்பிக்கினு கீற? அவரு வந்தா தொடைக்கப் போறாரு?"

எட்டு வளையம்

கிரம்பெட்டைச் சும்மா ஊற்ற முடியாது. தோசைக்கல்லில் வளையம் வைத்து அதற்குள் ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் ஓடிப்போய்த் தோசையாகிவிடும். அந்த வளையம் இந்தப் பக்கத்துக் கடைகளில் கிடைக்காது. வெல்டிங் பட்டறைக்குப் போய், உள்ளங்கை அகலம், இரண்டு விரல் உயரம், ஸ்டீலில் எட்டு வேண்டும் என்றேன். பட்டறைக்காரர் அளவு எழுதிக்கொண்டார். பிறகு இடுப்பில் இருந்த மகியைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். அன்றைக்கு நான் சரியாகத் தூங்கியிருக்கவில்லை.

"போடறேம்மா, ஒண்ணும் பிரச்சினை இல்ல. ஆனா இத்தினி பேருக்கு வெலங்கு மாட்டற அளவுக்கு வூட்ல இன்னாதான் நடக்குது?"

மாணிக்கம் அண்ணனும் மழமழப்பும்

என் கடையின் முதல் உள்ளூர் வாடிக்கையாளர் மாணிக்கம் அண்ணன். பக்கத்துத் தெருவில் சிற்பக்கூடம். தலையிலிருந்து கால்வரை கல்தூசி, கண் மட்டும் கறுப்பாகத் தெரியும். கிரம்பெட்டின் அடிப்பக்கம் சிவந்து மழமழவென்று இருக்கும். மேல்பக்கம் ஆப்பம் மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும். டோஸ்ட் செய்து, சூடு ஆறுமுன் ஓட்டைப் பக்கம் வெண்ணெய் வைத்தால், அது உருகி ஒவ்வொரு ஓட்டையாக இறங்கும். கிரம்பெட் என்பதே அந்த இறங்கும் வெண்ணெய்க்காகத்தான்.

மாணிக்கம் அண்ணன் அதைக் கையில் எடுத்து, இரண்டு பக்கமும் தடவிப் பார்த்து, கவிழ்த்து வைத்தார். நல்லபடியாக இழைத்த பக்கம்தானே முகம், அது மேலே இருக்க வேண்டும் என்பது அவர் தொழில் நியாயம். மழமழப்பின்மேல் அவர் வைத்த வெண்ணெய் வழுக்கிக்கொண்டு போய்த் தட்டில் விழுந்தது, அங்கிருந்து அவர் மடியில். நான் ஓடிப்போய்த் திருப்பி வைத்து, ஓட்டை மேலே இருந்தால்தான் வெண்ணெய் நிற்கும் என்று விளக்கினேன். அவர் ஒரு வாய் கடித்தார், மென்றார், இன்னொன்று கேட்டார். பிறகு துண்டால் மடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"முப்பது வருசமா கல்லுல வேலை பாக்கறேன், எனக்கே எது மேலு எது கீழுன்னு தெரியல. ஒரு பலகைல எழுதி மாட்டு தங்கச்சி, அடுத்தவன் வேட்டியாவது பொழைக்கட்டும்."

பலகையைப் படித்த அம்மா

எழுதி மாட்டினேன். 'கிரம்பெட் சாப்பிடும் முறை: ஒன்று, ஓட்டைப் பக்கம் மேலே. இரண்டு, வெண்ணெய் இறங்கும்வரை காத்திருக்கவும். மூன்று, சாம்பார் கேட்க வேண்டாம்.' கீழே ஆங்கிலத்திலும், கான்வென்ட் கையெழுத்தில், சாய்வாக. அந்த வாரமே, குளிர்காலத்துக்கு இங்கே வந்து தங்கும் ஓர் இங்கிலாந்து அம்மா வந்தார். பரீட்சை எழுதினவள் முன்னால் வினாத்தாள் தயாரித்தவரே வந்து உட்கார்ந்ததுபோல இருந்தது எனக்கு. அவர் பலகையை இரண்டு முறை படித்தார். கிரம்பெட்டை எடுத்தார். ஓட்டைப் பக்கம் மேலே, சரி. பிறகு மகியின் தட்டில் இருந்த இட்லிப் பொடியைச் சுட்டி, அது என்ன என்று கேட்டு, வாங்கி, வெண்ணெயின்மேல் தாராளமாகத் தூவினார். நாலு தின்றுவிட்டு அவர் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்:

"எங்கள் வீட்டில் இதை ராத்திரி உடுப்போடு, பாத்திரம் கழுவும் தொட்டிமேல் குனிந்து நின்றுகொண்டே தின்போம். இதற்கு முறை உண்டு என்பதை உன் பலகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன், பெண்ணே."

எந்த அடுக்கு?

கல்பாக்கத்து ஆட்கள் சனிக்கிழமை வருவார்கள். அதில் ஒருவர், கழுத்தில் அடையாள அட்டையைக் கழற்றாமலே உட்காருபவர், ஷெப்பர்ட்ஸ் பை கேட்டார். கீழே கொத்துக்கறி, மேலே மசித்த உருளைக்கிழங்கு, அதை ஓவனில் வைத்து மேல்பக்கம் சிவக்க எடுப்பது. அவர் ஸ்பூனால் ஓர் ஓரத்திலிருந்து செங்குத்தாகத் தோண்டினார். தட்டின் அடி தெரிந்தது. இன்னோர் ஓரத்தில் தோண்டினார். அங்கேயும் அடி தெரிந்தது. நடுவில் தோண்டிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"மேல உருளைக்கிழங்கு, கீழ கறி, ரெண்டும் பிரமாதம் மேடம். சோறு எந்த அடுக்குல வருது?"

பாலும் மீனும்

இதைச் சிரித்துக்கொண்டு எழுத எனக்கு இத்தனை நாள் ஆகியிருக்கிறது. அதே கல்பாக்கத்துக்காரர் தன் மகள் பிறந்தநாளுக்கு ஃபிஷ் பை கேட்டார். அஞ்சலை அக்காவிடமே நல்ல வஞ்சிரமாக வாங்கினேன். மிச்சத் துண்டைக் கொடுக்க வந்த அக்கா அடுப்பைப் பார்த்துவிட்டார். மீன் பாலில் வெந்துகொண்டிருந்தது. ஃபிஷ் பை அப்படித்தான். ஆனால் பாலும் மீனும் ஒன்றாக வயிற்றுக்குள் போனால் உடம்பில் வெள்ளைத் திட்டு வரும் என்பது இந்தக் கரை முழுக்க எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும், ஹாஸ்டல் சமையற்கட்டில் மறந்துபோயிருந்தது. "எம்மீனாலயா ஊரான் புள்ளைக்கு படை வரணும்?" என்று கேட்டுவிட்டு, அக்கா மூலையில் வைத்திருந்த தலையணையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று ராத்திரி ஒன்பதுக்கு வரவில்லை. ஒன்பதரைக்கு மாமா போன் செய்தார், தினமும் செய்வார். "துணைக்கு வந்தாச்சாம்மா?" வந்தாச்சு மாமா, படுத்தாச்சு என்றேன். பொய் சொன்னால் என்ன ஆகும் என்று கான்வென்ட்டில் பத்து வருடம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், எல்லாம் ஞாபகம் வந்தது. வீட்டின் எல்லா விளக்கையும் போட்டுவிட்டு, சப்பாத்திக் குழவியை மடியில் வைத்துக்கொண்டு, மகி பக்கத்தில் விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். காற்றில் ஜன்னல் அசைந்தது. அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அதற்கே எனக்கு உயிர் போய் வந்தது.

காலையில் மீன் எடுக்கப் போகும் வழியில் அக்கா வாசலில் நின்றார். முகம் கடுகடு. "கையைக் காட்டு" என்றார். புறங்கை, உள்ளங்கை, முழங்கை, கழுத்து, எல்லாம் பார்த்தார். நேற்று நானும் அதைத் தின்றிருப்பேன் என்று அவருக்குத் தெரியும். திட்டு எதுவும் இல்லை. என் கண்கள் வீங்கியிருந்ததையும் பார்த்தார். கக்கத்தில் இருந்த தலையணையைப் பழைய மூலையில் போட்டார்.

"பத்து நாளு பாப்பேன். உனுக்கு ஒண்ணும் வரலன்னா, பதினோராம் நாளு எனுக்கும் ஒரு தட்டு எடுத்து வை."

கருங்குழி வண்டி

அக்காவின் மகளுக்கு முட்டுக்காட்டில் பிரசவ நாள் நெருங்கியது. போனால் இரண்டு மாதம். இந்தமுறை மாமாவிடம் மறைக்கவில்லை. இரண்டு மாதம் பொய் சொல்கிற தெம்பு எனக்கில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குச் சின்ன லோடு வண்டி சந்துக்குள் வந்து நின்றது. கயிறு, தார்ப்பாய் எல்லாவற்றோடும் மாமா இறங்கினார். நாலு மேசையிலும் ஆள். மாணிக்கம் அண்ணன் நகர்ந்து இடம் கொடுத்தார். என்ன செய்வது என்று தெரியாமல் மாமா முன்னால் இரண்டு கிரம்பெட்டை வைத்தேன். அவர் ஒன்றைக் கவிழ்த்தார். கடை மொத்தமும் "ஓட்டை மேலே!" என்றது.

மாமா திடுக்கிட்டுத் திருப்பினார். வெண்ணெய் இறங்கும்வரை காத்திருந்தார். பிறகு தாழ்ந்த குரலில், "கிளம்பலாமாம்மா?" என்றார். கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன்: "எனக்குப் பயமாத்தான் இருக்கு மாமா. ஆனா அங்க வந்தாலும் பயப்படுவேன். அங்க சும்மா உட்கார்ந்து பயப்படணும். இங்க பயந்துக்கிட்டே வேலையாவது பார்ப்பேன்." மாணிக்கம் அண்ணன் பலகையை இப்போதுதான் முதல்முறை படிப்பவர்போல அண்ணாந்து பார்த்தார். மாமா முதலாவதைத் தின்றார். இரண்டாவதையும் தின்றார். வெண்ணெய் மணிக்கட்டில் வழிந்து வாட்ச் பட்டைக்குள் போனது. கை கழுவிவிட்டு வந்தவர், வண்டிக்காரரிடம் தார்ப்பாயை மடிக்கச் சொன்னார்.

"வந்த வண்டி வெறுமனே திரும்ப வேணாம், வீட்ல என் சம்சாரத்துக்கு நாலு கட்டிக் கொடு. ஓட்டை மேல இருக்கற மாதிரி கட்டும்மா, வழியில கொட்டிடப்போகுது."

இன்று

சாயங்காலம் அஞ்சலை அக்கா பஸ் ஏறினார். கையில் ஒரு பை, கக்கத்தில் தலையணை. மகிக்கு முத்தம் கொடுத்தார். எனக்கு ஒரு நீளமான பார்வை. ஒன்பதரைக்கு மாமா பேசினார். துணைக்கு யாரும் இல்லை என்று உண்மையைச் சொன்னேன். "சரி, நாளைக்கு மாவு கரைச்சாச்சா?" என்றார். கரைத்தாகிவிட்டது என்றேன். போனை வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். மகி தூங்குகிறாள். கதவு வெறுமனே சாத்தியிருக்கிறது. தினமும் தாழ் போடுவது அக்கா; நான் போட்டுவிட்டால், இனி இன்றைக்கு யாரும் வர மாட்டார்கள் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். அதனால்தான் இத்தனை பக்கம் எழுதிக்கொண்டிருக்கிறேன். பஸ் ஜன்னல் வழியாக அக்கா கடைசியாகக் கத்தியது, முன்சீட்டு ஆட்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி:

"எவன் தட்டினாலும் தொறக்காத கண்ணு! நானே வந்து தட்டினாலும் தொறக்காத, போன் பண்ணிக் கேட்டுகினு அப்பறமா தொற!"

குளிரில் நடுங்கும் ஊர்க்காரர்கள் தங்களைத் தேற்றிக்கொள்ளக் கண்டுபிடித்த பலகாரத்தை, வேர்வை ஊற்றும் ஊரில், இருட்டுக்கு நடுங்கும் ஒருத்தி விற்றுப் பிழைக்கிறாள் என்பதற்குமேல் இந்தத் தொழிலைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லாததால், பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய்க் கதவை உள்பக்கம் தாழ் போட்டுவிட்டு வந்தேன்.