சேர்ந்து விழுங்குபவர்

பறவைக்குக் குழாய் வழியாகக் கூழ் இறக்கும்போது அக்காவும் சேர்ந்து விழுங்குகிறார். இடது கையில் கரண்டிவாயனின் நீண்ட கழுத்து. வலது கையின் இரண்டு விரல்கள் அதன் தொண்டையை மேலிருந்து கீழாக நீவுகின்றன. ஒவ்வொரு நீவலுக்கும் அவர் தொண்டையும் ஒருமுறை ஏறி இறங்குகிறது. சொன்னால் நம்ப மாட்டார். "நான் எங்க முழுங்குனேன்? காலையில இருந்து ஒரு வாய் டீ கூட உள்ள போகல!"

ஆறு கடலில் கலக்கும் இடத்துக்குச் சற்றுத் தள்ளியிருக்கும் பறவை மருத்துவமனையில் அவர் உதவியாளர். தலை நரைத்த காவலாளி முதல் டாக்டரம்மா வரை எல்லோருக்கும் அக்காதான். கூண்டு கழுவுவார், இறால் அரைப்பார், எடை பார்ப்பார். பறவைகளுக்கு முன்னால் யாரும் குரலை உயர்த்தக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். திட்டும் உரிமை அவருக்கு மட்டும். "துரைக்கு இன்னைக்கு இறால் பிடிக்கலையோ? அத்தனை சேத்தையும் அள்ளித் தின்னியே, அப்ப எங்க போச்சு இந்த நாக்கு?"

சேறுதான் வினை. மேலே, ஆற்றங்கரையில், பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் பட்டறைகள் இருக்கின்றன. மழை அங்கிருந்து கழுவிக்கொண்டு வருவதெல்லாம் கழிமுகத்துச் சேற்றில் படிகிறது. கரண்டிவாயன் பெயருக்கேற்ற அலகால் அந்தச் சேற்றைத் துழாவி இரை தேடும் பறவை. இரையோடு ஈயமும் உள்ளே போகிறது. உடல் இளைத்து, இறக்கை தொங்கி, கடைசியில் விழுங்கக்கூட முடியாமல் இங்கே வந்து சேர்கிறது.

இறக்கையைப் பார்க்க அக்கா ஒரு வழி வைத்திருக்கிறார். பறவையை இரு கைகளாலும் பிடித்துச் சட்டென்று முன்பக்கம் சாய்ப்பார். விழாமலிருக்க அது இறக்கைகளை விரிக்கும். இரண்டும் ஒரே மட்டத்தில் நின்றால், "ம், பொழைச்சுக்குவ." ஒன்று தாழ்ந்தால் பேச்சே இருக்காது. மடியில் இறக்கி, தாழ்ந்த இறக்கையை மெல்ல மடித்துவிடுவார்.

இந்தக் கரண்டிவாயன் வந்த புதிதில் ஊசிக்கு நன்றாகத்தான் தேறிக்கொண்டிருந்தது. திடீரென்று ரத்தத்தில் ஈயம் மறுபடியும் ஏறியது. டாக்டரம்மா இறாலைச் சோதித்தார், தண்ணீரைச் சோதித்தார். ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் கூண்டில் விரித்திருந்த துணியை எடுத்துப் பார்த்து, "அக்கா, இது ஏது?" என்றார்.

"எங்க வீட்டுக்காரர் சட்டை டாக்டரம்மா. தோய்ச்சுத் தோய்ச்சுப் பஞ்சு மாதிரி ஆயிடுச்சு. நடுங்கறானேன்னு கொண்டாந்தேன்."

கணவருக்கு வேலை அந்தப் பட்டறைகளில் ஒன்றில். துவைத்தும் போகாத ஈயத் தூளைப் பறவை கோதிக் கோதித் தின்றிருக்கிறது. அக்கா அந்தச் சட்டையை ஒரு பையில் போட்டு இறுக்கிக் கட்டினாராம். பிறகுதான் கேட்டாராம்: "கீழ விரிச்சதுக்கே இவனுக்கு இந்தக் கதின்னா, அதைப் போட்டுக்கிட்டு அலையறவருக்கு?"

அன்றிலிருந்து வீட்டில் ஓயாத போர். ரத்தப் பரிசோதனைக்கு வாருங்கள் என்று இவர் கெஞ்சுவார். கல்லு மாதிரி இருக்கேன், எனக்கு என்ன என்று அவர் மார்பைத் தட்டிக் காட்டுவார். ஆனால் டீ கிளாஸை அவர் இப்போதெல்லாம் இடது கையில்தான் பிடிக்கிறார். அது அவருக்குத் தெரியவில்லை. அக்காவுக்குத் தெரிகிறது.

நேற்று மாலை மனைவியை அழைத்துப்போக வந்தவர் வாசலிலேயே நின்றார். ஈரத் தலை, மாற்றுச் சட்டை. பட்டறையிலேயே குளித்துவிட்டு வர வேண்டும் என்பது புதுச் சட்டம்.

"உன் செல்லப்பிள்ளை சாப்பிட்டானா? எனக்கு ஒரு நாளாவது இப்படி ஊட்டி விட்டிருக்கியா நீ?"

"அவன் ஊசின்னா ஓட மாட்டான். இன்னைக்கு ரெண்டு ரெக்கையும் சமமா நின்னுச்சு, தெரியுமா?"

"அப்புறம் என்ன? தேறிட்டான். என்னை விடு."

"விடறேன். ரெண்டு கையையும் முன்னால நீட்டுங்க. உள்ளங்கை கீழ பாக்கணும். சமமா நின்னா இனிமே ஆஸ்பத்திரிப் பேச்சையே எடுக்க மாட்டேன்."

"நிக்கலைன்னா?"

"நாளைக்குப் பட்டறை கிடையாது. என்கூட வரீங்க."

"பாத்தீங்களா, என்னையும் கொக்காக்கிட்டா!" என்று காவலாளியிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டே அவர் நீட்டினார். சரியாக நீட்டுவது எப்படி என்று காட்டுவதற்காக எதிரே அக்காவும் நீட்டினார்.

கணவரின் இடது கை அப்படியே நின்றது. வலது மணிக்கட்டு, யாரோ மெதுவாக அழுத்துவதுபோல், வளைந்து தாழ்ந்தது. சிரிப்பு நின்றது. அவர் அதைத் தூக்கப் பார்த்தார். அது வரவில்லை.

அக்கா நீட்டிய கையைக் கீழே இறக்கவில்லை. அக்காவின் வலது மணிக்கட்டு மட்டும் இன்னும் கொஞ்சம் மேலே உயர்ந்தது.