காதுக்கு எட்டாத மேடு

தொண்ணூறுகளின் பிற்பாதியில் ஒரு கோடை. எனக்குக் காது செவிடாகிவிட்டது என்று அப்போது மனதார நம்பினேன். அடுப்படியில் மனைவி என்னைப் பற்றி முணுமுணுப்பது கேட்டது. சேலம் பஸ் வளைவில் கியர் மாற்றுவது கேட்டது. எல்லாம் கேட்டது. இருந்தும் நம்பினேன், ஏனென்றால் கம்ப்யூட்டர் அப்படிச் சொன்னது.

ஏற்காட்டில் எனக்கு ஒலிப்பதிவு வேலை. வீட்டின் முன்னறைதான் ஸ்டுடியோ. வருடத்துக்கு ஒரு முறை, சித்திரை வெயிலில், எங்கள் சர்ச்சின் பாடகர் குழு வந்து பாடும். நான் கேசட்டில் பதிந்து கொடுப்பேன். அதை மறைமாவட்டப் பாட்டுப் போட்டிக்கு அனுப்புவார்கள். கேசட்டைக் கேட்டுப் பிடித்தால்தான் குழுவை நேரில் கூப்பிடுவார்கள். எங்கள் குழுவை ஒருமுறைகூடக் கூப்பிட்டதில்லை.

முந்தின வருடம் காரணம் என்னவென்று ஃபாதர் விசாரித்து வந்து சொன்னார். பாட்டுக்குப் பின்னால் ஒரே இரைச்சலாம். குழுவை நடத்துகிற டீச்சரும் நானும் அந்தக் கேசட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டோம். இரைச்சல் எதுவும் இல்லை. கீழே இருப்பவர்களுக்கு மலைக்காரர்கள் என்றால் இளக்காரம் என்று தீர்ப்பு எழுதிவிட்டு டீ குடித்தோம்.

அடுத்த கோடைக்குள் நான் சேலத்துக் கடை ஒன்றில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கியிருந்தேன். பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியில் ஒரு சாஃப்ட்வேர் இருந்தது. மைக்கில் விழும் சத்தத்தை அது இரண்டு விதமாகப் படம் காட்டும். ஒன்று ஆசிலாஸ்கோப்; பேசினால் பச்சைக் கோடு ஒன்று நெளியும், வாயை மூடினால் படுத்துவிடும். இன்னொன்று ஸ்பெக்ட்ரம் அனலைசர். சத்தத்தைப் பிரித்து, கனத்த சத்தத்தை இடது பக்கமும் கூர்மையானதை வலது பக்கமுமாக வரிசையில் நிறுத்தும். எது அதிகமோ அங்கே ஒரு மேடு எழும். பார்ப்பதற்கு அடிவாரத்தில் நின்று எங்கள் மலையை அண்ணாந்து பார்ப்பதுபோலவே இருக்கும்.

குழு பாடியது. திரையில் மேடும் பள்ளமுமாக அலை அடித்தது. வலது பக்கத்தில் மட்டும் ஒரு மேடு அசையாமல் நின்றது. பாட்டு ஏறினாலும் இறங்கினாலும் அதற்குக் கவலையில்லை.

பாடுகிறவர்களில் யாரோதான் என்று சந்தேகப்பட்டேன். ஒவ்வொருவராகப் பாடச் சொன்னேன். மேடு நின்றது. எல்லோரையும் மூச்சு விடாமல் நிற்கச் சொன்னேன். அப்போதும் நின்றது.

டீச்சர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தார். "ஏனுங்க, நாங்க வாயை மூடிக்கிட்டும் பாடறோம்ங்கறீங்களா?"

மைக்கை மாற்றினேன். ஒயரை மாற்றினேன். ஜன்னலைச் சாத்தினேன், மேடு கொஞ்சம் குனிந்து, பிறகும் நின்றது. வோல்டேஜ் குறைந்திருக்கும் என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தேன். கடைசியில் கம்ப்யூட்டர் பெட்டியை ஜமுக்காளத்தில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு, சேலத்துக்குப் பஸ் ஏறினேன்.

கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது காது அடைத்துக்கொண்டது. பிறந்ததிலிருந்து அந்தச் சாலையில் இறங்கும்போதெல்லாம் அடைத்திருக்கிறது. எச்சிலை விழுங்கினால் விட்டுவிடும். ஆனால் அன்றைக்குத்தான் முதல்முறையாக அது ஒரு நோயாகத் தெரிந்தது.

சேலத்துக் கடைக்காரர் பெட்டியை மாட்டி, மைக்கைச் சொருகி, அதே சாஃப்ட்வேரை ஓட்டினார். மின்விசிறிக்கு ஒரு மேடு வந்தது, ரோட்டில் ஹாரன் அடித்தால் ஒன்று எழுந்து விழுந்தது. என் மேட்டைக் காணவில்லை.

"பெட்டியில ஒண்ணும் இல்லீங்க. அதுக்கு நல்லாத்தான் கேக்குது" என்றார்.

அந்த 'அதுக்கு' என்ற சொல்லை ஊர் வந்து சேரும்வரை மென்றுகொண்டே வந்தேன். அதுக்கு நல்லாக் கேட்கிறது. வீட்டில் மாட்டியதும் மேடு பழைய இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. நடுவர்களுக்கு இரைச்சல் கேட்டிருக்கிறது. கம்ப்யூட்டருக்கும் கேட்கிறது. கேட்காத ஒரே ஆள் நான். டீச்சருக்கும் என் மனைவிக்கும்கூடத்தான் கேட்கவில்லை, ஆனால் பயந்தவன் சாட்சி கேட்க மாட்டான்.

அந்தச் சாஃப்ட்வேரால் சத்தத்தை உண்டாக்கவும் முடியும். மேடு நின்ற இடத்துக்குரிய சத்தத்தைத் தட்டினேன். விசில் மாதிரி கணீரென்று கேட்டது. புத்தியுள்ளவன் அத்தோடு எழுந்து சாப்பிடப் போயிருப்பான். வந்து வந்து போகிற வகைச் செவிடு என்று நான் முடிவு செய்தேன்.

மனைவியிடம் மெதுவாக விஷயத்தைச் சொன்னேன். அவள் முறத்தை இறக்கக்கூட இல்லை.

"நேத்து உங்களை லூசுன்னு அடுப்படியில நின்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். முன்னறையில இருந்து பதில் சொன்னீங்க. இதுல செவிடாம்."

காது இல்லாதவன் ஒலிப்பதிவு செய்யக்கூடாது என்று டீச்சரிடம் போய் வேலையைத் திருப்பிக் கொடுத்தேன். சேலத்தில் நல்ல ஸ்டுடியோ இருக்கிறது, அங்கே போய்ப் பாடுங்கள் என்றேன்.

"பாதிப் பேருக்கு எஸ்டேட்ல லீவு கெடைக்காதுங்க. மாரமங்கலத்துல இருந்து வர்றவங்க இங்க வர்றதே பெரும்பாடு. நீங்க பதியலீன்னா இந்த வருசம் அனுப்பறதுக்கே ஒண்ணும் இல்லீங்க" என்றார் டீச்சர். கடைசித் தேதிக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, கம்ப்யூட்டரை ஒருமுறை நேரில் வந்து பார்க்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்த சேலத்துக் கடைக்காரர் வந்தார். சர்வீஸ் பார்க்க வந்தவர் மனைவியையும் சாப்பாட்டுக் கேரியரையும் கூட்டிக்கொண்டு, ஏரியில் படகு விட்டு முடித்து, மத்தியானத்துக்கு மேல் எங்கள் வாசலில் இறங்கினார். அந்த அம்மாள் ஏற்காட்டுக்கு முதல் தடவையாக வந்திருந்தார். இறங்கிய உடனே ஒரு காதைப் பொத்திக்கொண்டார்.

"ஏனுங்க்கா, நொம்பச் சத்தமா இருக்குதுங்களே. இதுக்குள்ள எப்படிப் பேசிக்கிறீங்க?"

"எந்தச் சத்தம் கண்ணு?" என்றாள் என் மனைவி, உண்மையாகவே தெரியாமல்.

அந்த அம்மாள் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த சில்வர் ஓக் மரங்களைக் கை காட்டினார். "அதாங்க. அந்த மரமெல்லாம் கத்துதே."

நான் மரங்களைப் பார்த்தேன். அப்போதுதான் கேட்டது. எங்கேயோ தூரத்திலிருந்து வருவதுபோல இல்லை. என் தலைக்கு மேலேயே, கூரை முழுக்க, மலை முழுக்கக் கேட்டது. கேட்ட பிறகு அதைக் கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை. கடைக்காரர் மைக்கைப் பின்கதவுக்கு வெளியே நீட்டினார். மேடு திரையின் உச்சிக்குப் போய் முட்டியது. அவர் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை, பாவம், வாங்கியவனைப் பார்த்து விற்றவர் சிரிக்கக்கூடாது என்று அடக்கிக்கொண்டார். அவருக்கும் சேர்த்து என் மனைவி சிரித்தாள்.

டீச்சரிடம் சொன்னபோது அவர் வாசலுக்கு வந்து காது கொடுத்து நின்றார். அப்புறம், "அட, ஆமாங்க" என்று மட்டும் சொன்னார்.

இரண்டு நாள் கழித்து விடிகாலையில் மழை பிடித்தது. எஸ்டேட்டுக்குப் போகிறவர்கள் போகுமுன் பாடிவிடலாம் என்று டீச்சர் எல்லோரையும் குடையோடு கூட்டி வந்தார். மழை விட்டு, மரங்கள் சொட்டிக்கொண்டிருந்தபோது பதிந்தோம். திரையில் பாட்டு மட்டும் ஏறி இறங்கியது. வலது பக்கம் வெறுமையாகக் கிடந்தது.

கேசட் போனது. இந்த முறையும் எங்களைக் கூப்பிடவில்லை. இரைச்சல் என்று யாரும் சொல்லவில்லை. இரண்டாம் குரல் சுருதி இறங்குகிறது என்றார்கள். போட்டுக் கேட்டோம். இறங்கத்தான் செய்தது, எனக்கு நன்றாகவே கேட்டது. அந்த மேடு, மழைக்கு வாயை மூடிக்கொண்ட சில்வண்டு.